போட்டோ இல்லாமல் வட்டமும் கோடும் மட்டும் வைத்த போஸ்டர் நம்ம ஊரில் எடுபடுமா?

தக்கலைத் தம்பி எழுதியது:

தக்கலை பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாண பேனர், கோயில் கொடை, பங்குத் திருவிழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இதுதான் தினசரிப் பிழைப்பு. ஒரே பேனரில் ஊர்ப்பட்ட தலைகளை வெட்டி ஒட்டி, யார் தலை யார் தலையை விடப் பெரிசு என்று சண்டை வராமல் அடுக்குவதில் கை தேர்ந்துவிட்டது என்று வையுங்கள்.

இப்போது எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு தாளவாத்திய நிகழ்ச்சி வைக்கிறார்கள். பறை, மிருதங்கம், செண்டை மூன்றும் ஒரே மேடையில். போஸ்டர் என் தலையில் விழுந்தது. செயலாளர் அண்ணன் போனில் சில பழைய ஸ்விஸ் போஸ்டர்களைக் காட்டி, "இந்த மாதிரி ஒண்ணு பண்ணேண்டே" என்றார். அதில் ஒன்று பெத்தோவன் கச்சேரிக்கு. பெத்தோவன் முகம் இல்லை, வயலின் இல்லை, பியானோ இல்லை. கறுப்பு வெள்ளையில் பெரிய பெரிய வளைவுகள், கொஞ்சம் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அது கண்ணுக்குள்ளேயே நின்றது.

சரி என்று நானும் ஒன்று போட்டேன். மஞ்சள் பின்னணி, மூன்று வாத்தியத்துக்கு மூன்று வட்டம், குச்சிக்கு ஒரு சாய்ந்த கோடு. கமிட்டி குரூப்பில் போட்டால், "இது என்னடே, கேரம் போட்டியா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரிப்புப் பொம்மையாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். கலைஞர்கள் போட்டோ எங்கே, தலைவர் போட்டோ எங்கே, நன்கொடை தந்தவர்கள் பெயர் எங்கே என்று அப்புறம் வரிசையாகக் கேள்வி.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்தக் காலத்து ஆட்கள் எந்த வடிவத்தை வைப்பது, எதை விடுவது என்று எப்படித்தான் முடிவு செய்தார்கள்? மனசுக்குப் பட்டதைப் போட்டார்களா, இல்லை அதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா? மார்த்தாண்டம் மேம்பாலத் தூணில் அத்தனை முகங்களுக்கு நடுவில் இப்படி ஒன்றை ஒட்டினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

பழைய பிரஷ் எழுதியது:

தம்பி, நான் இதையெல்லாம் படித்தவன் இல்லை, நாகர்கோவிலில் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன். ஃபிளெக்ஸ் வந்ததும் பிரஷைக் கழுவி வைத்தாயிற்று.

எங்களுக்குப் பள்ளிக்கூடம் தேர்தல் சின்னம்தான். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே, எழுத்து தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக்கு ஒரு சின்னம் கொடுத்துவிட்டார்கள். நம்ம மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல். அந்தச் சின்னத்தை ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவன் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். நிழல், வெளிச்சம், இலையில் நரம்பு என்று நுணுக்கமாகப் போட்டால் கிட்டே நின்று பார்க்க அழகாகத்தான் இருக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் எல்லாம் கலங்கிவிடும்.

உதயசூரியன் வரையும்போது புதுப் பையன்கள் கதிரை நெருக்கி நெருக்கிப் போடுவார்கள். தூரத்தில் கதிரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியும். கதிரின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் தடிப்பாகப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதிர் அகலத்துக்கு வெள்ளையை விட வேண்டும். அப்போதுதான் சூரியன் சூரியனாக நிற்கும். நாங்கள் வரைந்ததில் பாதி பெயின்ட் என்றால் மீதிப் பாதி சும்மா விட்ட சுவர், அதற்குக் காசும் இல்லை பாரு. கொடுக்கிற கூலிக்குச் சிவப்பு ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா, பின்னணிக்குச் சுண்ணாம்பு. நூல் அடித்துக் கோடு போட்டு, ஆணியில் கயிறு கட்டி வட்டம் சுற்றி, அதற்குள் எது வருமோ அதுதான் படம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணமும் அப்படித்தான், தட்டைப் பக்கம் மேலே, முனை கீழே, அரை மணி நேரத்தில் ஒரு சுவரை முடித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடலாம்.

உன் படத்தைப் பிரின்ட் எடுத்துக் கடைக் கதவில் ஒட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார். எது தெரிகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதை அழி.

குளச்சல்காரி எழுதியது:

நான் குளச்சல், சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை. அண்ணாச்சி சொன்னதுதான் பெர்லினிலும் நடந்தது.

1900களின் தொடக்கத்தில் லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் பிரீஸ்டர் என்ற தீக்குச்சி கம்பெனியின் போஸ்டர் போட்டிக்கு வரைந்தார். முதலில் மேஜை, மேஜை விரிப்பு, சாம்பல் கிண்ணம், புகைகிற சுருட்டு, அந்தப் புகையில் ஆடுகிற பெண்கள் என்று எல்லாம் இருந்ததாம். பார்த்த நண்பர் "நல்ல சுருட்டு விளம்பரம்" என்றாராம். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போய்க் கடைசியில் மிஞ்சியது இரண்டு சிவப்புத் தீக்குச்சியும் கம்பெனி பெயரும்தான். நடுவர்கள் அதைத் தூக்கித் தூரப் போட்டுவிட, தாமதமாக வந்த ஒருவர் பொறுக்கி எடுத்துப் பரிசு வாங்கிக் கொடுத்தார் என்று கதையை முடிப்பார்கள். கதையில் எவ்வளவு மசாலா இருந்தாலும் போஸ்டர் உண்மை. அதன் வழியில் ஜெர்மனியில் ஒரு பாணியே கிளம்பியது: தட்டை வண்ணம், ஒரே பொருள், ஒரு பெயர். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும் என்பதால் வண்ணம் குறைந்தால் செலவும் குறையும். அண்ணாச்சியின் பெயின்ட் டப்பா கணக்கு அங்கேயும் உண்டு.

ஆனால் அது எளிமைதான், தீக்குச்சி இன்னும் தீக்குச்சியாகவே இருக்கிறது. பொருளையே விட்டுவிடுவது அடுத்த படி. பிரான்சில் கசாந்திர் 1927இல் 'எத்வால் து நோர்' என்ற ரயிலுக்குச் செய்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். அது ரயில் விளம்பரம், ஆனால் ரயில் கிடையாது. கீழேயிருந்து தண்டவாளங்கள் கிளம்பித் தூரத்தில் அடிவானத்தில் ஒரே புள்ளியில் சேர்கின்றன, அதற்கு மேலே ஒரு நட்சத்திரம். பயணம் போக வேண்டும் என்ற ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஜினைக் கழற்றிவிட்டார். (நம்ம ஊரில் ரயில் போஸ்டர் கேட்டால் இன்ஜினுக்கு மாலை போட்டு முன்னால் பத்துப் பேரை நிறுத்திவிடுவோம்.)

தம்பி பார்த்த பெத்தோவன் போஸ்டர் ஜோசப் முல்லர்-பிராக்மன் செய்தது, 1955, சூரிச்சின் டோன்ஹாலே அரங்கத்துக்கு. அந்த வளைவுகள் மனசுக்குப் பட்டபடி போட்டவை இல்லை. எல்லாமே ஒரே மையத்தைச் சுற்றுகின்றன, தடிமன் ஒன்றுக்கு அடுத்தது இரு மடங்கு என்ற கணக்கில் பெருகிக்கொண்டே போகிறது. இசை என்பது காலத்தைப் பங்கு போடுவது, அவர் காகிதத்தைப் பங்கு போட்டார்.

இதை வைத்து உன் வட்டங்களைப் பார். மூன்று வாத்தியம், அதனால் மூன்று வட்டம். அது எண்ணிக்கை. மூன்று மாம்பழம் வைத்திருந்தாலும் அதே தகவல்தான் கிடைத்திருக்கும். அதில் தாளம் எங்கே? சும்மா ஒரு உதாரணத்துக்கு, மிஸ்ர சாபு என்ற தாளத்துக்கு ஏழு அட்சரம், அதாவது ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமி, மூன்றும் நான்கும். மூன்று பட்டை, ஒரு இடைவெளி, நான்கு பட்டை என்று போட்டாலே, தாளம் தெரிந்தவன் விரல் தன்னால் தொடையில் தட்டும், தெரியாதவனுக்கும் ஏதோ ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறது என்று தோன்றும். கலைஞர்களை நேரில் போய்ப் பார்த்து, என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று கேள். கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம்.

இன்னொன்று. இதே முல்லர்-பிராக்மன் 1950களின் தொடக்கத்தில் சுவிஸ் ஆட்டோமொபைல் கிளப்புக்கு, குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு போஸ்டர் செய்தார். அதில் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. முன்னால் பிரம்மாண்டமாகப் பாய்ந்து வருகிற மோட்டார் சைக்கிள், அதற்கு எதிரே சின்னதாக ஓடுகிற குழந்தை, இரண்டும் போட்டோ. அந்தப் பயத்தை முக்கோணம் சொல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் வடிவம் மட்டும் வைப்பதை ஒரு ஃபேஷனாக எடுத்துக்கொள்ளாதே, விஷயம் இடம் கொடுத்தால் செய்.

மலையோரம் எழுதியது:

எல்லாரும் ஒரே திசையில் போகிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். குலசேகரம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார், கோயில் மேளம் கேட்டு வளர்ந்தவன்.

சூரிச்சில் அந்த வளைவுகள் எடுபட்டதற்கு வளைவு மட்டும் காரணம் இல்லை. சுவிட்சர்லாந்தில் தெருப் போஸ்டருக்கு அப்போது ஒரு நிலையான அளவு இருந்தது, ஏறக்குறைய 90 செ.மீ. அகலம், 128 செ.மீ. உயரம். அதற்கென்று பலகை, அதற்கென்று தூண். டோன்ஹாலே என்றால் கச்சேரி என்று பார்ப்பவனுக்கு ஏற்கெனவே தெரியும். நம்ம மேம்பாலத் தூணில் நேற்று ஒட்டியதன் மேல் இன்று ஒட்டுகிறான், ஓரம் கிழிந்த இடத்தில் போன மாதத்துப் பட்டிமன்றம் எட்டிப் பார்க்கிறது. அங்கே போய் அமைதியாக ஒரு பட்டை வைத்தால், ஏதோ பாதி கிழிந்த விளம்பரம் என்றுதான் நினைப்பான்.

வடிவம் தானாக எதையும் சொல்லிவிடாது. ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கியின் 1919ஆம் வருஷத்துப் போஸ்டரை எல்லாரும் தூக்கிப் பிடிப்பார்கள், சிவப்பு முக்கோணம் வெள்ளை வட்டத்துக்குள் குத்திக்கொண்டு போகும். ரஷ்யாவில் செம்படைக்கும் வெண்படைக்கும் உள்நாட்டுப் போர் நடந்த நேரம். சிவப்பு ஆப்பால் வெள்ளையரை அடி என்று அதிலேயே எழுதியும் இருக்கிறது. அந்த எழுத்தையும் அந்தக் காலத்தையும் எடுத்துவிட்டால் என் எட்டாம் வகுப்பு ஜியோமெட்ரி நோட்டுதான் மிஞ்சும். அண்ணாச்சி சொன்ன சிவப்பு முக்கோணமும் பக்கத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று வருஷக்கணக்கில் எழுதி எழுதித்தான் ஜனங்களுக்குப் புரிந்தது.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. பறை அடிக்கிறவர் முகம் நம்ம ஊர்ச் சுவர்களில் எத்தனை தடவை வந்திருக்கிறது? சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த காலம் ஒன்றும் ரொம்பத் தூரத்தில் இல்லை. இப்போது மிருதங்கத்துக்குச் சமமாக அவரை மேடையில் உட்கார வைக்கிறீர்கள், நல்ல காரியம். அந்த நேரம் பார்த்துத்தானா முகம் வேண்டாம், வடிவம் போதும் என்ற ஞானம் வர வேண்டும்?

இவ்வளவு சொல்லிவிட்டுச் சும்மா போகக்கூடாது என்பதற்காக ஒன்று. செண்டைக்காரர்களிடம் பஞ்சாரி மேளத்தைப் பற்றிக் கேள். அதற்கு ஐந்து காலம், அதாவது ஐந்து வேகக் கட்டம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அடுத்தது 48, அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. முதல் காலத்தில் ஒரு சுற்று முடிய நாம் கொட்டாவி விட்டுவிடலாம், ஐந்தாம் காலத்தில் நிற்கிறவன் கையெல்லாம் தானாக மேலே போய்விடும். கணக்கு கணக்கு என்கிறீர்களே, அது இங்கே கிடக்கிறது.

குளச்சல்காரி எழுதியது:

சார், எதிர்க்கட்சியாக வந்து போஸ்டரையே கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். 96, 48, 24, 12, 6. முல்லர்-பிராக்மன் இரட்டித்துக்கொண்டே போனதை மேளக்காரர்கள் பாதியாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தம்பி, வட்டத்தை மறந்துவிடு. ஐந்து பட்டை, ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி அகலம். சூடு பிடிப்பது அதிலேயே தெரியும். மூன்று பேரும் கடைசியில் சேர்ந்து வேகம் ஏற்றத்தானே போகிறார்கள், அதனால் இது செண்டைக்கு மட்டும் சொந்தம் என்று ஆகாது.

பறை விஷயத்தில் சார் சொல்வதை ஒதுக்க முடியாது. ஆள் தெரிய வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்மின் ஹாஃப்மன் 1959இல் ஜிசெல் என்ற பாலே நடனத்துக்குச் செய்த போஸ்டரில் ஆடுகிற பெண்ணின் போட்டோ இருக்கிறது, ஆனால் சுழற்சியில் கலங்கி அதுவே ஒரு வெள்ளை வடிவமாகிவிட்டது, பக்கத்தில் பெயர் செங்குத்தாக நிற்கிறது. பறையின் மேல் இறங்குகிற கையை அப்படி எடுக்கலாம். ஆனாலும் என் ஓட்டு அதற்கு இல்லை. பட்டையும் போட்டோவும் சேர்ந்தால் இரண்டு போஸ்டர் ஒரே தாளில் சண்டை போடும். மூன்று கலைஞர்கள் பெயரையும் ஒரே அளவில், தூரத்திலிருந்து வாசிக்கிற மாதிரி பெரிதாகப் போடு. தலைவர், புரவலர் பெயரெல்லாம் கையில் கொடுக்கிற நோட்டீஸுக்குப் போகட்டும், போட்டோவும் அங்கேயே. இதற்குக் கமிட்டி சம்மதிக்கும், ஏனென்றால் யாரையும் நீக்கவில்லை, இடம்தான் மாறுகிறது.

மைப்பலகை எழுதியது:

நாகர்கோவிலில் ஸ்கிரீன் பிரின்டிங். இவ்வளவு நேரம் அளவு, பேப்பர் எதையும் யாரும் பேசவில்லையே மக்கா. தட்டை வண்ணம் என்றால் ஃபிளெக்ஸில் போடாதே. ஃபிளெக்ஸ் மெஷின் சிவப்பைப் புள்ளிப் புள்ளியாக அடிக்கும், மேல்பக்கம் வேறு பளபளக்கும், ராத்திரி டியூப்லைட் பட்டால் பாதிப் பட்டை வெள்ளையாகத் தெரியும். ஸ்கிரீனில் அடித்தால் மை பேப்பர் மேல் கெட்டியாக உட்காரும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும். 20க்கு 30 அங்குலத் தாளில் இரண்டு கலர் போதும். சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இரண்டும் தொடுகிற இடத்தில் கறுப்பு ஒரு மி.மீ. சிவப்பு மேல் ஏறுகிற மாதிரி பைல் வை, இல்லாவிட்டால் தாள் லேசாக நகர்ந்தாலும் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியும். கிரேடியன்ட், நிழல், எழுத்துக்கு அவுட்லைன் எதையும் என்னிடம் கொண்டுவராதே.

தக்கலைத் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செண்டை ஆசானைப் போய்ப் பார்த்தேன், மலையோரம் சார் சொன்ன கணக்கை அவர் வாயாலேயே சொல்லி மேஜையில் தட்டியும் காட்டினார். மேடையில் நேரம் போதாது, முதல் காலத்தைச் சுருக்கித்தான் வாசிப்போம் என்றார், அது பரவாயில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 96, 48, 24, 12, 6 கூட்டினால் 186. ஒரு அட்சரத்துக்கு 3 மி.மீ. என்று வைத்தால் பட்டைகள் 288, 144, 72, 36, 18, மொத்தம் 558 மி.மீ. 30 அங்குலத் தாளின் உயரம் 762, ஆகவே 204 மி.மீ. வெள்ளையாக மிஞ்சுகிறது, எழுத்துக்கு அது தாராளம். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். பெரிய பட்டை மேலே, கீழே வரவரச் சின்னது, அடியில் எழுத்து. அண்ணாச்சி சொன்ன மாதிரி கதவில் ஒட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன், பக்கத்தில் இருந்த பைனான்ஸ் விளம்பரத்தை விட இதுதான் முதலில் கண்ணில் பட்டது. டீக்கடை அண்ணன் "என்னடே, படி இறங்குதா?" என்று கேட்டார். இறங்கவா ஏறவா என்று எனக்கே இப்போது குழப்பம்.

பழைய பிரஷ் எழுதியது:

தலைகீழாகத் திருப்பு. காரணம் கலை இல்லை, மாடு. மைதா பசை வாசத்துக்குப் போஸ்டரின் அடிப்பக்கத்தை முதலில் மாடுதான் படிக்கும். அதற்கு முன்னால் பைக்கை நிறுத்துவான், குடை விரித்து ஒருத்தி கொய்யா விற்பாள். எழுத்தை மேலே கொண்டு போ. பெரிய பட்டை அடியில் இருக்கட்டும், கால்வாசி போனாலும் அது பட்டையாகத்தான் இருக்கும்.

குளச்சல்காரி எழுதியது:

மாடு சொன்னது வடிவமைப்புக்கும் சரியாக வருகிறது. அடியில் 96, மேலே போகப் போக நெருங்கி 6, அந்த ஆக நெருக்கமான பட்டைக்கு ஒட்டி மேலே கலைஞர்கள் பெயர். பார்வை ஏறிப்போய் நிற்கிற இடத்தில் மனுஷர்கள் இருப்பார்கள்.

எழுத்து பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான். ஸ்விஸ் போஸ்டர் எழுத்தை அப்படியே காப்பியடிக்க முடியாது. தமிழ்ச் சொல் நீளம், கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும், அவர்கள் வைக்கிற மாதிரி வரிகளை நெருக்கினால் மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'கி'யின் கொண்டையில் மாட்டிக்கொள்ளும். இருப்பதிலேயே நீளமான பெயரை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை வைத்துப் பார், அந்த அளவுதான் மூன்று பெயருக்கும். இடது பக்கம் ஒரே நேர்க்கோட்டில் தொடங்கட்டும், வலது பக்கம் அது அது முடிகிற இடத்தில் முடியட்டும், நடுவில் கொண்டுவராதே. முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டும் இலவசம், மெல்லியதிலிருந்து தடித்தது வரை பல எடைகள் இருக்கின்றன. ஒரே ஃபான்ட், இரண்டே அளவு: பெயர்கள் பெரிது, இடமும் நேரமும் சின்னது. இடத்துக்குச் சரியாக வரவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் நான் தக்கலைக்கே வந்து உதைப்பேன்.

மலையோரம் எழுதியது:

நான் இன்னும் முழுசாக மாறவில்லை. தூணில் இது தனித்துத் தெரிவது அக்கம்பக்கம் எல்லாம் முகமாக இருப்பதால்தான், நாளைக்கு எல்லாரும் பட்டை போட ஆரம்பித்தால் முகம் வைத்தவன் ஜெயிப்பான். ஆனால் இந்தப் போஸ்டருக்குத் தடை சொல்ல மாட்டேன், ஒரு நிபந்தனை: மூன்று பெயரில் பறைக் கலைஞர் பெயர் முதலில். அகர வரிசை, வயது வரிசை என்று கமிட்டியில் யாராவது கிளப்பினால் என்னைக் கூப்பிடு.

தக்கலைத் தம்பி எழுதியது:

முதலில் அவர் பெயர்தான் சார், மாற்றிவிட்டேன். கமிட்டியில் நோட்டீஸ் தனியாக என்றதும் பாதிப் பேர் அமைதியாகிவிட்டார்கள். "கேரம்" கேட்டவர் மட்டும், "இது இப்போ கொள்ளாம், ஆனா தலைவர் படம் ஓரத்துல சின்னதா ஒண்ணு" என்றார். செயலாளர் அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். மைப்பலகை அண்ணே, திங்கள்கிழமை பைல் கொண்டு வரலாமா? நூறு தாள் போதும்.

மைப்பலகை எழுதியது:

வா. இரண்டு கலருக்கும் தனித்தனி பாசிட்டிவ் பிலிம், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார நான்கு மூலையிலும் ரெஜிஸ்டர் மார்க், எழுத்தை எல்லாம் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் வடிவமாக மாற்றிக் கொண்டு வா, உன் ஃபான்ட் என் மெஷினில் இருக்காது. அச்சகத்தின் பெயரும் ஊரும் ஓரத்தில் வர வேண்டும், டிசைன் கெடும் என்று அதைத் தூக்கிவிடாதே. அப்புறம், நூறு அடிக்கிற செலவுக்கும் நூற்றைம்பதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மாட்டுக்கும் சேர்த்துச் சொல்லு.